எஃகுச் சட்டகங்களை நிறுத்தும் வரிசை

எஃகுச் சட்டகங்களை நிறுத்தும் வரிசை என்பது, ஒரு கட்டடத்தின் எஃகுத் தூண்கள், உத்தரங்கள், கூரைச் சட்டங்கள், மூலைவிட்டக் கம்பிகள் ஆகியவற்றுள் எதை முதலில் நிறுத்துவது, எதனோடு எதை எப்போது இணைப்பது, கிரேனின் கொக்கியை எந்தக் கட்டத்தில் விடுவிப்பது என்பவற்றை வேலை தொடங்கும் முன்பே முடிவுசெய்து தாளில் வரையும் திட்டமாகும். பணியிடங்களில் இது 'எரெக்‌ஷன் சீக்வென்ஸ்' என்றே வழங்குகிறது. தொழிற்கூடங்கள், கிடங்குகள், திருமண மண்டபங்கள், பல மாடி அலுவலகங்கள் என எஃகுச் சட்டகத்தால் எழும் எல்லாக் கட்டடங்களுக்கும் இத்திட்டம் தேவை.

வடிவமைப்புப் பொறியாளர் போடும் கணக்கு பெரும்பாலும் முடிந்த கட்டடத்துக்கானது. எல்லா உறுப்புகளும் இடத்தில் இருக்கின்றன, எல்லா போல்ட்டுகளும் இறுக்கப்பட்டுள்ளன என்று வைத்துக்கொண்டே அந்தக் கணக்கு போடப்படுகிறது. ஆனால் நிறுத்தும் வேலை நடக்கும் நாள்களில் அப்படி ஒரு கட்டடம் அங்கே இல்லை. திங்கட்கிழமை மாலை ஆறு தூண்கள், செவ்வாய் நண்பகலில் ஒன்பது தூண்களும் இரண்டு உத்தரங்களும் என்று நாளுக்கொரு வடிவம் நிற்கிறது. அந்த அரைகுறை வடிவங்களின் மேல்தான் ஆள்கள் ஏறி வேலை செய்கிறார்கள். எனவே நிறுத்தும் வரிசையின் அடிப்படை விதி இது: ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அதுவரை நிற்கும் பகுதி, இனி வரப்போகும் உறுப்பின் உதவியை எதிர்பார்க்காமல் தானாகவே உறுதியாக நிற்க வேண்டும்.

வரிசை ஏன் தேவைப்படுகிறது

நான்கு ஐஸ்கிரீம் குச்சிகளை முனைகளில் குண்டூசியால் பிணைத்துச் சதுரமாக்கி, ஒரு மூலையை விரலால் தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகிச் சரிந்துவிடும். குறுக்கே மூலைவிட்டமாக ஐந்தாவது குச்சியைப் பிணைத்தால் அசையாது. முக்கோணம் வடிவம் மாறாது, நாற்கரம் மாறும் என்று எட்டாம் வகுப்பிலேயே செய்து காட்டக்கூடிய பாடம் இது. எஃகுச் சட்டகத்தில் அந்த ஐந்தாவது குச்சியின் வேலையைச் செய்வது 'பிரேசிங்' எனப்படும் மூலைவிட்டக் கம்பி. அது வரும்வரை தூண்களும் உத்தரங்களும் எவ்வளவு கனமாக இருந்தாலும் வடிவியல்படி அவை சரியக்கூடிய நாற்கரமே.

இரண்டாவது காரணம் நெளிவு. மெலிந்த நீண்ட கம்பியை இரு முனைகளிலும் அழுத்தினால் அது நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்து போகும். 18ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் கண்ட வாய்பாட்டின்படி, இவ்வாறு நெளியத் தொடங்கும் சுமை நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 8 மீட்டர் உயரத் தூணை நடுவில் 4 மீட்டரில் பக்கவாட்டாகப் பிடித்துவிட்டால், அந்தத் திசையில் அது நெளியாமல் தாங்கும் சுமை 4 மடங்காகிறது. முடிந்த கட்டடத்தில் தூணைப் பிடித்துக்கொள்ளச் சுவர்ச் சட்டங்களும் ராஃப்டரைப் பிடித்துக்கொள்ளப் பர்லின்களும் இருக்கின்றன. ராஃப்டர் என்பது கூரையின் சாய்ந்த பெரிய சட்டம். பர்லின் என்பது அதன்மேல் குறுக்காக ஓடிக் கூரைத் தகட்டைத் தாங்கும் சிறு சட்டம். இவை வருமுன் அதே தூணும் அதே ராஃப்டரும் வரைபடத்தில் காட்டிய வலிமையில் ஒரு பங்கையே பெற்றிருக்கும்.

பந்தல் போடுபவர்கள் இதைக் கணக்கில்லாமல் அறிந்திருக்கிறார்கள். கால்களை மண்ணுக்குள் ஆழப் புதைத்த பிறகே குறுக்குக் கழி கட்டுவார்கள். ஆகவே பந்தற்கால் தனித்தும் நிற்கும். எஃகுத் தூண் புதைக்கப்படுவதில்லை. அடித்தகட்டின் மேல், கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சில ஆங்கர் போல்ட்டுகளை நம்பி நிற்கிறது. பார்வைக்குப் பந்தற்காலைவிட உறுதியாகத் தெரிவதால்தான் அதன் பலவீனம் எளிதில் மறந்துபோகிறது.

தனித்து நிற்கும் தூண்

முதல் தூண் நிறுத்தப்பட்டு கிரேன் விலகிய பின் அதைப் பிடித்திருப்பவை ஆங்கர் போல்ட்டுகள் மட்டுமே. காற்று அதை என்ன செய்யும் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

தூணின் உயரம் 8 மீட்டர், காற்றை எதிர்கொள்ளும் முகத்தின் அகலம் 0.3 மீட்டர் என்று கொள்வோம். முகப்பரப்பு 2.4 சதுர மீட்டர். காற்றின் வேகம் விநாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். மழைக்கு முன் சுழன்றடிக்கும் காற்று இந்த வேகத்தை எளிதில் எட்டும். இந்தியக் காற்றுச்சுமை விதித்தொகுப்பான ஐ.எஸ். 875, பகுதி 3இல் அழுத்தத்துக்கு உள்ள வாய்பாடு, வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்குவது. 15 × 15 × 0.6 = 135 நியூட்டன், ஒரு சதுர மீட்டருக்கு. தட்டையான முகத்துக்கான வடிவக் கெழு ஏறத்தாழ 2. எனவே மொத்த விசை 135 × 2.4 × 2 = 648 நியூட்டன். ஒரு மனிதர் சாய்ந்து தள்ளும் அளவே, ஏறத்தாழ 65 கிலோ.

ஆனால் இந்த விசை தூணின் நடு உயரத்தில், தரையிலிருந்து 4 மீட்டரில் செயல்படுவதாகக் கொள்ள வேண்டும். அடியில் உண்டாகும் திருப்புத்திறன் 648 × 4 = 2,592 நியூட்டன்-மீட்டர். அதைத் தடுக்க வேண்டிய ஆங்கர் போல்ட்டுகளின் இரு வரிசைகளுக்கு இடையே உள்ள தொலைவு 0.15 மீட்டர் மட்டுமே என்றால், காற்று வரும் பக்கத்து வரிசை இழுக்கப்படும் விசை 2,592 ÷ 0.15 = 17,280 நியூட்டன். வரிசைக்கு 2 போல்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 880 கிலோ. தள்ளிய விசை 65 கிலோ, போல்ட்டை இழுக்கும் விசை 880 கிலோ. காற்றின் வேகம் இரட்டித்தால் இது 4 மடங்காகி 3.5 டன்னாகும். தூணின் சொந்த எடை இந்த இழுவையைச் சற்றே குறைக்கும். கணக்கை எளிதாக்க அதை இங்கு விட்டுவிட்டோம்.

கொட்டகைத் தூணுக்கு இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 'ஐ' வடிவத் தூணின் அகன்ற முகம் கட்டடத்தின் நீளவாக்கில் வரும் காற்றைப் பார்த்து நிற்கும். அதே திசையில்தான் தூணின் வளைவு எதிர்ப்பும் குறைவு, போல்ட்டுகளின் இடைவெளியும் குறைவு. மிகுதியான காற்று, குறைவான வலிமை, குறுகிய பிடிப்பு மூன்றும் ஒரே திசையில் சேர்கின்றன.

இதனால்தான் அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நல நிருவாகம் (ஓஷா) 2001இல் வெளியிட்ட எஃகு நிறுத்தல் விதிகள், தூணுக்குக் குறைந்தது 4 ஆங்கர் போல்ட்டுகள் இருக்க வேண்டும் என்கின்றன. தூணின் வெளிமுகத்திலிருந்து 18 அங்குலம் (ஏறத்தாழ 46 செ.மீ.) தள்ளி 300 பவுண்டு (136 கிலோ) எடை தொங்கினாலும் அடிப்பகுதி தாங்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. கருவிப் பையோடு தூணின் ஒரு பக்கத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்யும் ஒரு தொழிலாளியைத்தான் இந்த எண்கள் குறிக்கின்றன. அடித்தளக் கான்கிரீட் தன் வடிவமைப்பு வலிமையில் 75 விழுக்காட்டையாவது எட்டியதற்கான சோதனை முடிவு எழுத்தில் வராமல் நிறுத்தும் வேலையைத் தொடங்கக் கூடாது என்றும் அவை கூறுகின்றன. ஆங்கர் போல்ட் இடம் தவறி அமைந்திருந்தால் சம்மட்டியால் அடித்து வளைப்பதும், துளையைக் கேஸ் கட்டரால் பெரிதாக்குவதும், வளைந்ததை வெட்டி வேறு கம்பியைப் பற்றவைப்பதும் பல இடங்களில் காணக்கூடியவை. வடிவமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் இன்றி இவற்றைச் செய்வது, மேலே கணக்கிட்ட 880 கிலோவை யார் தாங்குவது என்று கேட்காமல் விடுவதற்குச் சமம்.

முதல் பெட்டி: ஒரு கொட்டகை

20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம், 8 மீட்டர் உயரம் உள்ள ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் 11 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகத்திலும் இரு தூண்கள், அவற்றை இணைக்கும் ராஃப்டர். இரு சட்டகங்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் பணியிடத்தில் 'பே' என்பர். தூண்களுக்கு இடைப்பட்ட இடத்துக்குத் தமிழில் அங்கணம் என்ற பழைய சொல் இருப்பதால் இங்கு அதுவே ஆளப்படுகிறது. நம் கொட்டகையில் 10 அங்கணங்கள். வரைபடத்தில் 2ஆம் அங்கணத்திலும் 9ஆம் அங்கணத்திலும் மட்டும் பிரேசிங் காட்டப்பட்டிருக்கிறது என்போம். மற்ற அங்கணங்கள் இவற்றைச் சார்ந்தே நிற்கும்.

இதிலிருந்தே தொடங்கும் இடம் தெரிந்துவிடுகிறது. முதல் சட்டகம் என்று எண் இட்டிருப்பதால் அதிலிருந்து தொடங்கக் கூடாது. 2, 3 ஆகிய சட்டகங்களே முதலில் எழ வேண்டும். அவற்றுக்கு இடையில்தான் 2ஆம் அங்கணத்தின் பிரேசிங் இருக்கிறது.

2ஆம் சட்டகத்தின் இரு தூண்களும் 3ஆம் சட்டகத்தின் இரு தூண்களும் நிறுத்தப்பட்டு, நான்கு நட்டுகளும் பூட்டப்படுகின்றன. ஒரே பக்கச் சுவரில் உள்ள இரு தூண்களை மேலே ஒரு குறுக்குச் சட்டத்தாலும் இடையே 'எக்ஸ்' வடிவப் பிரேசிங்காலும் இணைத்ததும் அந்தப் பக்கம் நீளவாக்கில் உறுதியாகிவிடும். எதிர்ப்பக்கச் சுவரிலும் அவ்வாறே. அதுவரை தூண்களைக் கம்பிவடத்தால் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். கம்பிவடத்தின் மறுமுனையைக் கட்டுவதற்கும் கணக்கிட்ட எடையுள்ள கான்கிரீட் பாளமோ தரையில் ஊன்றிய பிடிப்போ வேண்டும். அருகில் நிற்கும் லாரியில் கட்டுவது பிடிப்பாகாது, லாரி நகரக்கூடியது.

அடுத்து ராஃப்டர். தரையிலேயே துண்டுகளைப் பூட்டி 20 மீட்டர் நீளமாக்கி ஒரே தூக்கில் ஏற்றுவது வழக்கம். உயரத்தில் செய்யும் வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 2ஆம் சட்டகத்தின் ராஃப்டர் தூண்களில் பூட்டப்பட்டதும் அது தன் தளத்தில் உறுதியாக இருக்கும். பக்கவாட்டில் நிற்பதோ நிமிர்த்தி வைத்த அட்டையைப் போல. ஆகவே இருபுறமும் கம்பிவடத்தால் கட்டிய பிறகே கொக்கி விடுவிக்கப்படும். 3ஆம் சட்டகத்தின் ராஃப்டர் ஏறும்போது கிரேன் அதைப் பிடித்தபடியே நிற்க, இரண்டு ராஃப்டர்களுக்கும் இடையே பர்லின்களும் கூரைத்தளப் பிரேசிங்கும் பூட்டப்படுகின்றன. கொக்கியை விடுவதற்கு முன் எத்தனை பர்லின்கள், எந்தெந்த இடத்தில் என்பதைப் பொறியாளர் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். 'நாலஞ்சு போட்டா போதும்' என்பது மேலே இருப்பவர் முடிவு செய்யும் செய்தி அன்று.

இப்போது நான்கு தூண்கள், இரண்டு ராஃப்டர்கள், இரு சுவர்களிலும் கூரையிலும் பிரேசிங் என ஒரு பெட்டி கிடைத்துவிட்டது. இந்தப் பெட்டியைக் குண்டுநூலும் கருவியும் வைத்து நேராக்கி, போல்ட்டுகளை முழுதாக இறுக்கி, அடித்தகட்டின் கீழ் கிரவுட் ஊற்றி முடிக்கும்வரை 4ஆம் சட்டகத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. ஒப்பந்தக்காரருக்கு இந்த நாள் வீணாகத் தோன்றும். அவசரம் தொடங்குவதும் பெரும்பாலும் இங்கேதான். இந்தப் பெட்டியை நம்பியே மற்ற 9 சட்டகங்களும் நிற்கப் போகின்றன என்பதால், செலவிட்டே ஆக வேண்டிய நாள் இது.

பின்னர் 1ஆம் சட்டகம், 4ஆம் சட்டகம், 5ஆம் சட்டகம் என ஒவ்வொன்றாக எழுந்து, கொக்கி விடும் முன்பே பர்லின்களால் பெட்டியோடு பிணைக்கப்படும். ராஃப்டரின் அடிப்பட்டையிலிருந்து பர்லினுக்குச் சாய்வாகப் போகும் சிறிய ஆங்கிள் துண்டுகள் அன்றன்றே போடப்பட வேண்டும். கைக்கு அடக்கமான துண்டுகள்தாம்; அதனாலேயே 'கடைசியில் போட்டுக்கொள்ளலாம்' என்று மூட்டையில் கிடக்கும். காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும்போது ராஃப்டரின் அடிப்பட்டை அழுத்தத்துக்கு உள்ளாகி நெளியப் பார்க்கும். அப்போது அதைப் பிடித்திருப்பவை இந்தத் துண்டுகளே.

வேலையை விரைவாக்க இரண்டு குழுக்கள் இரு முனைகளிலிருந்தும் தொடங்கி நடுவில் சந்திக்கும் முறையும் உண்டு. அப்படியானால் 9ஆம் அங்கணத்திலும் தனியாக ஒரு பெட்டி கட்டி முடிக்க வேண்டும். சந்திக்கும் இடத்தில் சிறுசிறு அளவுப் பிழைகள் எல்லாம் சேர்ந்து பர்லின் துளை பொருந்தாமல் போகும் என்பதையும் முன்பே எதிர்பார்க்க வேண்டும்.

கொக்கியை எப்போது விடுவது

உத்தரம் இடத்தில் அமர்ந்ததும் ஒரு போல்ட்டை நுழைத்துவிட்டு அடுத்த தூக்குக்கு கிரேனை அனுப்பத் துடிப்பது இயல்பு. கிரேனின் வாடகை மணிக்கணக்கில் ஏறுகிறது. ஒரே போல்ட்டில் தொங்கும் உத்தரம் அந்த போல்ட்டைச் சுற்றித் திரும்பும். குறைந்தது இரண்டு போல்ட் இருந்தால்தான் திரும்பாது. ஓஷா விதியும் ஒவ்வோர் இணைப்பிலும் குறைந்தது இரண்டு போல்ட்டுகள், இறுதியாக வரவேண்டிய அதே அளவிலும் வலிமையிலும், ஸ்பேனரால் இறுக்கப்பட்ட பிறகே கொக்கியை விடுவிக்கச் சொல்கிறது. தற்காலிகத்துக்கு என்று மெல்லிய போல்ட்டைப் போடுவதை இது தடுக்கிறது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கலான இணைப்பு உண்டு. ஒரு தூணின் நடுத்தகட்டின் இரு பக்கங்களிலும் இரண்டு உத்தரங்கள் எதிரெதிராக வந்து, ஒரே போல்ட்டுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. முதல் உத்தரம் பூட்டப்பட்டு அதன்மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது உத்தரம் வருகிறது. அதைச் சேர்க்க, முதல் உத்தரத்தைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, மூன்று தகடுகளின் துளைகளையும் நேராக்கி மீண்டும் செருக வேண்டும். அந்த அரை நிமிடம் முதல் உத்தரத்தை எதுவும் பிடித்திருக்காது. கிரேன் கொண்டுவரும் உத்தரம் சற்று இடித்தாலும் அது உட்கார்ந்திருப்பவரோடு கீழே போகும்.

இதற்குத் தீர்வு மேலே இல்லை, வரைபட மேசையில் இருக்கிறது. உத்தரத்தின் அடியில் தூணோடு ஒரு சிறு இருக்கைத் துண்டைப் பற்றவைத்துவிட்டால் நட்டைக் கழற்றினாலும் உத்தரம் அதன்மேல் அமர்ந்திருக்கும். அல்லது ஒரு உத்தரத்தின் இணைப்புத் தகட்டில் ஒரு மூலையை வெட்டிவிட்டால், முதல் உத்தரத்தின் ஒரு போல்ட்டாவது கழற்றப்படாமலேயே இருக்கும். பட்டறையில் சில நிமிட வேலை.

தூக்குதல்

இரண்டு கால் கொண்ட கம்பிவடத்தால் தூக்கும்போது, கால்கள் கிடைமட்டத்தோடு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொரு காலும் சுமையின் 0.58 பங்கைத் தாங்கும். 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலுக்கும் முழுச் சுமையும் வரும். நீளமான ராஃப்டருக்குக் குட்டையான வடத்தைப் போட்டால் நேர்வது இதுவே. வடம் ஒருபுறம் இருக்க, கால்கள் உள்நோக்கி இழுப்பதால் ராஃப்டரும் அழுத்தத்துக்கு உள்ளாகிப் பக்கவாட்டில் நெளியலாம். இடையில் ஒரு பரப்புச் சட்டம் வைத்து வடங்களைச் செங்குத்தாகத் தொங்கவிடுவது இதற்குத்தான்.

'25 டன் கிரேன்' என்றால் 25 டன்னைத் தூக்கும் என்பது பொதுவான மயக்கம். அந்த எண், கைநீட்டம் மிகக் குறைவாக இருக்கும் நிலைக்கு உரியது. கிரேன் நடுவிலிருந்து சுமை தள்ளிப்போகப் போகத் தூக்கும் திறன் விரைந்து குறையும். ஆகவே நிறுத்தும் வரிசையை எழுதும்போதே, ஒவ்வொரு தூக்குக்கும் கிரேன் நிற்கும் இடத்தைத் தரைப்படத்தில் குறிக்க வேண்டும். கட்டி முடித்த பகுதி கிரேனின் வழியை அடைத்துவிடாமல் பின்னோக்கி நகர்ந்துகொண்டே வருவது நல்ல திட்டத்தின் அடையாளம்.

காற்றின் வேக வரம்பு கிரேன் உற்பத்தியாளரின் அட்டவணையில் இருக்கும். பரப்பு மிகுந்த சுமைக்கு அந்த வரம்பும் போதாது. 1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மில்லர் பார்க் விளையாட்டரங்கின் கூரைப் பகுதி ஒன்றைக் காற்றில் தூக்கியபோது பெருங்கிரேன் முறிந்து மூன்று எஃகுத் தொழிலாளர்கள் இறந்தனர். தூக்கப்பட்ட கூரையே ஒரு பாய்மரம் போலக் காற்றை ஏந்தியது.

நேர்நிறுத்தமும் வெயிலும்

தூண்களை நேராக்குவதற்கு முன் போல்ட்டுகளை முழுதாக இறுக்கினால் பிறகு நகர்த்த முடியாது. இறுக்காமலேயே மேலே மேலே கட்டிக்கொண்டு போனால் தளர்ந்த சட்டகத்தின் மேல் சுமை ஏறுகிறது. இந்த இழுபறிக்கு விடை, சிறுசிறு பகுதிகளாக நேராக்கி இறுக்கிவிட்டு நகர்வதே. நேர்மைக்கு அமெரிக்க எஃகுக் கட்டுமானக் கழகத்தின் நடைமுறைத் தொகுப்பு 500இல் 1 என்ற அளவைத் தருகிறது. 8 மீட்டர் தூணுக்கு அது 16 மி.மீ. இந்தியாவில் இதற்கென ஐ.எஸ். 12843 உள்ளது.

எஃகு ஒரு பாகை செல்சியசுக்கு, ஒரு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். 60 மீட்டர் கொட்டகை, விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் 20 பாகை வேறுபாட்டில் 14.4 மி.மீ. நீள்கிறது. 20 மி.மீ. போல்ட்டுக்குத் துளை 22 மி.மீ. மட்டுமே. பிற்பகல் வெயிலில் பொருந்தாத துளை மறுநாள் காலையில் தானே பொருந்துவது இதனால்தான். ஒரு பக்கம் மட்டும் வெயில்படும் தூண் லேசாக வளைந்தும் நிற்கும். அளவு பார்க்கும் வேலையை வெயில் ஏறும் முன் முடிப்பது நல்லது.

பல மாடிக் கட்டடங்கள்

பல மாடிக் கட்டடத்தில் தூண்கள் இரண்டு அல்லது மூன்று மாடி உயரத் துண்டுகளாக வரும். பிரேசிங் உள்ள பகுதியிலிருந்தோ, கான்கிரீட் நடுக்கூட்டை ஒட்டியோ தொடங்கி வெளிநோக்கிச் செல்வது வழக்கம். தூணின் ஒட்டு தளமட்டத்திலேயே வராமல் அதற்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் மேலே வைக்கப்படுகிறது. தளத்தில் நின்றபடியே ஒருவர் போல்ட் பூட்டலாம். விளிம்புத் தூண்களில் பாதுகாப்புக் கம்பிவடத்தையும் கட்டலாம்.

இங்கே பெரிய ஆபத்து, எஃகு மிக விரைவாக மேலே போய்விடுவதும் கீழே இறுக்கும் வேலையும் தளம் போடும் வேலையும் பின்தங்குவதும் ஆகும். ஓஷா விதி இந்த இடைவெளிக்கு எல்லை கட்டுகிறது: முழுதாகப் பூட்டப்படாத பகுதி 4 மாடிகளையோ 48 அடியையோ (14.6 மீட்டர்) தாண்டக் கூடாது, மேலே வேலை நடக்கும் தளத்துக்கும் நிலையாக முடிந்த தளத்துக்கும் இடையே 8 மாடிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. வடிவமைப்பே வேறுவிதமாகக் கணக்கிட்டிருந்தால் விலக்கு உண்டு.

கூரைத் தகட்டுக் கட்டுகளை மேலே ஏற்றி வைப்பதும் வரிசையின் பகுதியே. 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள 20 தகடுகள் கொண்ட ஒரு கட்டு, சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோ என்றால் 800 முதல் 1,000 கிலோ எடையாகும். அதைப் பர்லினின் நடுவில் இறக்கினால், விரித்த தகட்டின் பரவலான சுமைக்காகச் செய்த பர்லின் முறுக்கிக்கொள்ளும். ராஃப்டரின் மேல், பிரேசிங் போட்டு முடித்த அங்கணத்தில் மட்டுமே இறக்க வேண்டும்.

வரிசை குலையும்போது

திட்டம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் அதைக் குலைக்கும் காரணங்களுள் முதன்மையானது மிகச் சாதாரணமானது: வேண்டிய உறுப்பு லாரியில் வந்து சேரவில்லை. கிரேன் நிற்கிறது, ஆள்கள் நிற்கிறார்கள், வராதவை பிரேசிங் கம்பிகள் மட்டுமே. 'தூண்களையும் ராஃப்டர்களையும் நிறுத்திவிடுவோம், பிரேசிங் வந்ததும் போட்டுக்கொள்ளலாம்' என்ற யோசனை அப்போது எல்லாருக்கும் நியாயமாகத் தோன்றும். கட்டடத்தின் மொத்த எஃகில் பிரேசிங்கின் பங்கு சிறிது. ஐந்தாவது குச்சியை விட்டுவிட்டுச் சதுரங்களை அடுக்குவதற்கு இது ஒப்பாகும். அப்போது செய்யக்கூடியவை இரண்டு: வேலையை நிறுத்துவது, அல்லது பொறியாளர் கணக்கிட்டுக் கொடுக்கும் தற்காலிகக் கட்டுகளோடு புதிய வரிசையை எழுதுவது. லாரியில் ஏற்றும் வரிசையையும் நிறுத்தும் வரிசையோடு சேர்த்துத் திட்டமிட்டால், முதலில் வேண்டியது மேலே இருக்கும். பாதிச் சிக்கல் எழாது.

பொருந்தாத உறுப்பை மேலேயே வைத்துச் சரிசெய்ய முயல்வது இன்னொரு காரணம். இதற்குக் கொடிய சான்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் வெஸ்ட் கேட் பாலம். அது கட்டடச் சட்டகம் அன்று, எஃகுப் பெட்டி உத்தரப் பாலம். ஆனாலும் நிறுத்தும் வரிசையைப் படிப்பவர் எவரும் அதைத் தவிர்க்க முடியாது. ஒரு கண்ணின் பெட்டியை நீளவாக்கில் இரு பாதிகளாகச் செய்து, மேலே ஏற்றியபின் இணைப்பது என்ற முறை பின்பற்றப்பட்டது. மேலே ஏற்றியபோது ஒரு பாதி மற்றதைவிட 114 மி.மீ. உயர்ந்து நின்றது. உயர்ந்த பாதியைத் தாழ்த்த, ஒவ்வொன்றும் 8 டன் எடையுள்ள 10 கான்கிரீட் பாளங்கள் அதன்மேல் வைக்கப்பட்டன. எஃகுத் தகடு நெளிந்தது. அந்த நெளிவை எடுப்பதற்காக, ஏற்கெனவே பூட்டியிருந்த இணைப்பின் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினர். 1970 அக்டோபர் 15 அன்று முற்பகல், போல்ட்டுகள் கழற்றப்பட்டுக்கொண்டிருக்கையில் அந்தக் கண் முழுதும் சரிந்தது. 35 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் பாலத்தின் மேல் இருந்தவர்கள் அல்லர். அதன் நேர்க்கீழே போடப்பட்டிருந்த தொழிலாளர் கொட்டகைகளில் இருந்தவர்கள். வடிவமைப்பையும் நிறுத்திய முறையையும் விசாரணை ஆணையம் குறைகூறியது. ஓய்வுக் கொட்டகைகளின் இடம் போன்ற எளிய செய்தியும் நிறுத்தும் திட்டத்தில் அடங்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

கனடாவின் கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டுமானத்தின்போதே விழுந்து 75 பேர் இறந்தனர். அழுத்த உறுப்புகள் வளைந்து வருவது அதற்குப் பல நாள்கள் முன்பே அளக்கப்பட்டு, அது பற்றிக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. வேலை மட்டும் நிற்கவில்லை.

விதித்தொகுப்புகள்

இந்தியாவில் எஃகுக் கட்டுமானம் நிறுத்துவதற்கான பாதுகாப்பு விதித்தொகுப்பு ஐ.எஸ். 7205, 1974இல் வெளிவந்தது. எஃகுக் கட்டமைப்பின் பொது வடிவமைப்புக்கு ஐ.எஸ். 800 (2007) பயன்படுகிறது. கட்டடத் தொழிலாளர் நலனுக்கான 1996ஆம் ஆண்டு மையச் சட்டமும் அதன்கீழ் அமைந்த 1998ஆம் ஆண்டு விதிகளும் பணியிடப் பாதுகாப்பைச் சட்டக் கடமையாக்கின. பட்டயப்படிப்பு மாணவர்கள் ஐ.எஸ். 800ஐப் படிக்கும் அளவுக்கு 7205ஐப் படிப்பதில்லை. மெலிந்த நூல்தான், ஒரு பிற்பகலில் படித்துவிடலாம்.

பிரித்தெடுத்தல்

பழைய கொட்டகையைப் பிரிக்கும்போது இதே வரிசை தலைகீழாகச் செல்ல வேண்டும். கடைசியாகப் போட்டது முதலில் இறங்கும். முதலில் கட்டிய பெட்டி கடைசிவரை நிற்கும். பழைய இரும்பு வாங்குபவர்கள் எளிதில் கழற்ற வருவதை முதலில் கழற்றுவார்கள், எளிதில் கழற்ற வருவதோ பெரும்பாலும் பிரேசிங் கம்பிகள். வரைபடம் கிடைக்காத பழைய கட்டடமானால், ஒரு போல்ட்டையும் தொடுமுன் எந்தெந்த அங்கணங்களில் மூலைவிட்டக் கம்பி இருக்கிறது என்று சுற்றிப் பார்த்துச் சாயத்தால் குறியிட்டு வைக்க வேண்டும். துருவேறிய ஆங்கர் போல்ட்டுகளைத் தனித்து நிற்கும் தூணுக்குப் பிடிப்பாகக் கணக்கில் கொள்ளாமல், கிரேன் ஒவ்வொரு தூணையும் பிடித்துக்கொண்ட பின்னரே அதன் கடைசி இணைப்பைக் கழற்ற வேண்டும்.